தகரக் கூரையும் தூரத்து வீடும்: வாசகர் கேள்வி – பதில்

சென்னையின் குடிசைப் பகுதிகளிலும், அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலும் வளரும் இளைஞர்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீடு பத்துக்குப் பதினைந்து அடி, தகரக் கூரை. பையன் நீட் தேர்வுக்குப் படிக்கிறான். ஏப்ரல் பிறந்துவிட்டால் பகலில் உள்ளே உட்கார முடிவதில்லை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூக்கமும் வருவதில்லை. ஏ.சி. வாங்க வசதி இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: பகல் சூடு வேறு, ராத்திரிப் புழுக்கம் வேறு. பகலில் கொதிப்பது கூரைத் தகடு. அது மெல்லியது, வெயில் இறங்கியதும் சீக்கிரம் ஆறிவிடும். ராத்திரி பதினொரு மணிக்கும் வீடு புழுங்கினால், பகலெல்லாம் சூடு குடித்த சுவர், வெளியேற வழியில்லாத காற்று, பின்பக்கம் சூடு விடும் ஃபிரிட்ஜ், ராத்திரிச் சமையல் ஆகியவைதான் காரணம்.

முதலில் கூரை. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூரைப் பெயிண்ட் இரண்டு பூச்சு அடியுங்கள். எவ்வளவு பரப்புக்கு வரும் என்று டப்பாவில் போட்டிருக்கும். நெளிவு ஷீட்டுக்கு அதைவிடப் பதினைந்து சதவீதம் கூடுதலாக வாங்க வேண்டும். உங்கள் கூரைக்கு ஏழெட்டு லிட்டர் தேவைப்படலாம். தகரத்தில் துரு இருந்தால் எமரி தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகே வெள்ளை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மழையில் தோல் தோலாக உரிந்துவிடும். தகரத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துப் பணத்தை வீணாக்காதீர்கள். வெயிலில் தகடு விரிந்து சுருங்கும்போது சுண்ணாம்பு உதிர்ந்துவிடும்.

சிமெண்ட் ஷீட் கூரை உள்ளவர்களுக்குச் சுண்ணாம்பே போதும். ஐந்து கிலோ சுண்ணாம்பை ராத்திரியே ஊறவைத்து, பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கால் கிலோ ஃபெவிகால் சேர்த்து, பிப்ரவரி கடைசியில் அடிக்கலாம். ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டும். பழைய சிமெண்ட் ஷீட்டில் கல்நார் இருக்கும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டினால் கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு. நன்றாக நனைத்து, மென்மையான பிரஷ்ஷால்தான் கழுவ வேண்டும். ஷீட் மேல் நேராகக் காலை வைக்காதீர்கள், உடைந்து உள்ளே விழுந்துவிடுவீர்கள். கீழே சட்டம் ஓடும் இடம் பார்த்துப் பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள்.

கூரைக்கு அடியில் தெர்மோகோல் ஒட்டும் பழக்கம் பரவிவருகிறது. அடுப்பு எரியும் ஒற்றை அறை வீட்டில் அது வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். அந்தப் புகையில் மூச்சு முட்டிவிடும். அதற்குப் பதில் மூங்கில் தட்டியை, அடுப்புக்கு மேலே வராதபடி, ஷீட்டிலிருந்து அரை அடி இறக்கிக் கட்டுங்கள். அந்த இடைவெளியின் இரண்டு முனையும் வெளியே திறந்திருக்க வேண்டும். முனைகளை அடைத்துவிட்டால் சூடான காற்று அங்கேயே தங்கிக் கீழே இறங்கும்.

ராத்திரிக்குச் சுவரின் உச்சியில் ஒரு திறப்பு, அதில் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் தாழ்வாக இன்னொரு திறப்பு. ஜன்னல் ஒன்றே ஒன்றுதான் என்றால், வெளியே குளிர்ந்த பிறகு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு உள்ளே திருப்புங்கள். ஏர் கூலரை நாங்கள் சொல்ல மாட்டோம். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். கூலர் அதை இன்னும் கூட்டி வியர்வையை உலரவிடாது.

பையனின் படிப்பு நேரத்தையும் வீட்டின் சூட்டை ஒட்டி மாற்றுங்கள். கூரையும் சுவரும் நன்றாக ஆறியிருக்கும் விடியற்காலை நான்கு முதல் எட்டு வரை வீட்டில். நடுப்பகலில் நூலகம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே உண்டு. தூரம் என்றால் பக்கத்துக் கிளை நூலகத்தைப் பாருங்கள்.

வெயிலில் ஒருவருக்குப் பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கேள்வி: ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிறோம். அண்ணனுக்கு மூன்று வாரமாக இருமல். மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடிக்கிறார். பயப்பட வேண்டுமா?
– வாசகர், புளியந்தோப்பு

பதில்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். நாளைக் காலையே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். சளிப் பரிசோதனை இலவசம். காசநோய்தான் என்றால் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதத்திலேயே இருமல் நின்று எடை ஏறும். "குணமாகிவிட்டது" என்று வேலைக்குப் போகும் இளைஞர்கள் மாத்திரையை நிறுத்துவது அப்போதுதான். அப்படி விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வரலாம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது (2024 நவம்பருக்கு முன் 500 ரூபாயாக இருந்தது). அது வங்கிக் கணக்கில்தான் வரும் என்பதால், கணக்கு எண்ணை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். குடிசைப் பகுதி இளைஞர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஆய்வு செய்ய ஆசை. எந்தக் கேள்வித்தாளைப் பயன்படுத்துவது? எங்கே தவறு நேரும்?
– மாணவி, மதுரை

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தர அளவுகோலில் 26 கேள்விகள் கொண்ட சுருக்கப் படிவம் (WHOQOL-BREF) உங்களுக்குப் பொருந்தும். அந்த அளவுகோலை உருவாக்கிய உலக நகரங்களின் வரிசையில் சென்னையும் ஒன்று; தமிழ் வடிவமும் இருக்கிறது. முதல் இரண்டு கேள்விகள் பொதுவானவை. மீதி 24-இல் உடல்நலத்துக்கு ஏழு, மனநலத்துக்கு ஆறு, சமூக உறவுக்கு மூன்று, சுற்றுச்சூழலுக்கு எட்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 3, 4, 26-ஆம் கேள்விகள் எதிர்மறையானவை என்பதால் அவற்றைத் திருப்பிக் கணக்கிட வேண்டும். மாணவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. ஒவ்வொரு பிரிவின் சராசரியையும் நான்கால் பெருக்கினால் 4 முதல் 20 வரையான மதிப்பெண் கிடைக்கும். நான்கையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். வீடும் தெருவும் மோசம், ஆனால் நட்பும் சொந்தபந்தமும் பலம் என்ற முக்கியமான செய்தி அந்தக் கூட்டலில் காணாமல் போய்விடும்.

களத்தில் வரும் சிக்கல் வேறு. 21-ஆவது கேள்வி பாலுறவு பற்றியது. ஒற்றை அறை வீட்டில் அம்மாவும் தங்கையும் பக்கத்தில் இருக்கும்போது அதைக் கேட்டால், பதில் வராது; வந்தாலும் பொய்யாக இருக்கும். சமூக உறவுப் பிரிவில் மூன்றே கேள்விகள்தான், ஒன்றுக்கு மேல் விடுபட்டால் அந்தப் பிரிவையே கணக்கில் சேர்க்க முடியாது. ஆகவே வீட்டில் கேட்காதீர்கள். சமுதாயக் கூடம், மாலைநேர டியூஷன் சென்டர், விளையாட்டுத் திடலின் ஓரம் என்று தனியே பேசக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கத்தை அவர்களே நிரப்பும்படி கொடுங்கள்.

பகல் பதினொரு மணிக்குப் போனால் வேலையில்லாதவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களும்தான் கிடைப்பார்கள். டெலிவரி வேலை, ஹவுஸ்கீப்பிங், மேளம், மீன்பிடி என்று போன பிள்ளைகள் உங்கள் பட்டியலுக்குள் வரவே மாட்டார்கள். காலை ஆறு மணி, ராத்திரி எட்டு மணி, ஞாயிறு என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். படிவம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கிறது. தேர்வு, திருவிழா, வெள்ளம், வீடு இடிப்பு நடந்த வாரங்களில் எடுத்தால் அதை அறிக்கையில் எழுதியாக வேண்டும். படிவம் பெரியவர்களுக்கானது. 18 வயதுக்குக் குறைந்தவர்களிடம் கேட்கப் பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் சம்மதமும் தேவை, கேள்வித்தாளும் வேறு.

இதோடு ஐ.நா. வாழ்விட அமைப்பு சொல்லும் ஐந்து குறைகளையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்: நல்ல குடிநீர் இல்லை, கழிப்பறை இல்லை, ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல், உறுதியற்ற வீடு, எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லக்கூடிய நிலை. கடைசியாகச் சொன்னதுதான் இளைஞர்களின் பதிலில் அதிகம் கசியும் என்பது எங்கள் அனுபவம். அடுத்த வருஷம் எங்கே இருப்போம் என்று தெரியாத பையனால் மூன்று வருடப் படிப்பைத் திட்டமிட முடியாது.

கேள்வி: கூவம் கரையிலிருந்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். கல்லூரி பழைய இடத்தில். போகவர நான்கு மணி நேரம் ஆகிறது. "போதும், நின்றுவிடு" என்கிறார் அப்பா. புதுமைப் பெண் பணமும் வரவில்லை.
– கல்லூரி மாணவி, பெரும்பாக்கம்

பதில்: நிற்காதீர்கள், அம்மா. வருகைப் பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் போவதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம்.

புதுமைப் பெண் முதலில். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய் உங்களுக்கு உண்டு. 2024-இலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் அதே ஆண்டு வந்தது. பணம் நிற்பதற்குப் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்: வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாதது, பெயரின் இனிஷியலோ எழுத்தோ ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் வேறாக இருப்பது, பல மாதம் பயன்படுத்தாமல் கணக்கு முடங்கியது. வங்கியில் "ஆதார் எந்தக் கணக்கோடு சேர்ந்திருக்கிறது" என்று கேளுங்கள். பழைய வேறொரு கணக்குக்குப் பணம் போய்க்கொண்டிருக்கலாம். பிறகு கல்லூரியில் இந்தத் திட்டத்தைப் பார்க்கும் பொறுப்பாசிரியரிடம் போங்கள்.

முகவரி மாற்றத்தில் வரிசை முக்கியம். முதலில் குடும்பத் தலைவரின் ஆதார். அது மாறியதும், அவர் சம்மதத்தோடு மற்றவர்கள் தனி ஆவணம் இல்லாமலே தங்கள் முகவரியை மாற்றலாம். 2023-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. அடுத்து ரேஷன் கார்டு, பிறகு வங்கி. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் தந்த வீட்டு ஒதுக்கீட்டு ஆணையைப் பத்து நகல் எடுத்து வையுங்கள். சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இன்னும் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள்.

பயணத்துக்கு: சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நேரம் அப்படியேதான் போகிறது. அதனால் நகரத்திலுள்ள ஆதிதிராவிடர் அல்லது பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை மாணவியர் விடுதியில் இடம் கேளுங்கள். தங்கலும் உணவும் இலவசம். வருமான வரம்பு உண்டு. கல்வியாண்டின் நடுவில் காலியிடம் வந்தால் சேர்த்துக்கொள்ளும்படி, வீடு மாற்றப்பட்டதைக் காட்டும் ஒதுக்கீட்டு ஆணையோடு மனுக் கொடுங்கள். அப்பா பயப்படுவது ராத்திரிப் பேருந்தைப் பற்றித்தான் என்றால், விடுதி அவருக்கும் நிம்மதி.

குறையை அரசின் பக்கமும் சொல்லியாக வேண்டும். 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அருகிலேயே, மாடி வீடு கட்டிக் கொடுப்பதே நோக்கமாக இருந்தது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று மக்கள் நகரின் விளிம்புக்குப் போனார்கள். 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. எத்தனை வீடு ஒதுக்கினோம் என்ற கணக்கோடு, எத்தனை பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள் என்ற கணக்கும் அரசிடம் இருக்க வேண்டும். கல்வியாண்டின் நடுவில் ஒரு குடும்பத்தைக்கூட இடம் மாற்றக் கூடாது.

கேள்வி: பேரலில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். மூடித்தான் வைக்கிறோம். ஆனாலும் தெருவில் டெங்கு வருகிறது. ராத்திரி ஷிஃப்ட் போகும் தம்பிக்கே இரண்டு தடவை வந்துவிட்டது.
– வாசகர், எண்ணூர்

பதில்: டெங்கு கொசு பகலில் கடிக்கும். உங்கள் தம்பி தூங்குவதும் பகலில்தான். அவருக்குப் பகல் தூக்கத்துக்குக் கொசுவலை வேண்டும்.

பேரலில் தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பேரலின் உட்சுவரில். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு தடவை, தண்ணீர் வருவதற்கு முந்தைய நாள், பேரலைக் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டு நார் பிரஷ்ஷால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பழைய வேட்டித் துணியைப் போர்த்தி, சைக்கிள் டியூப் வளையத்தால் இறுக்குங்கள்.

குடிக்கக் கைபம்பு, போர் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால்: 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 200 லிட்டர் பேரலுக்கு ஒரு கிராமுக்குள், அதாவது தலைதட்டிய கால் டீஸ்பூன். ஒரு மக் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. லாரித் தண்ணீரில் ஏற்கெனவே குளோரின் கலந்திருக்கும். அது கெடுவது பெரும்பாலும் குடத்துக்குள் கை விடுவதால். நீளப்பிடி கரண்டியோ குழாய் வைத்த பாத்திரமோ வாங்குங்கள்.

கேள்வி: பொதுக் கழிப்பறைக்குப் போகப் பயந்து என் மகள் தண்ணீரே குடிப்பதில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு.
– வாசகி, காசிமேடு

பதில்: நீர்க்கடுப்புக்கு மூலகாரணம் அந்தப் பயம்தான். தாழ்ப்பாள், உள்ளே விளக்கு, வழியில் விளக்கு, தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி: இந்த ஐந்தில் எது இல்லை என்று குறித்து மாநகராட்சியின் 1913-இல் புகார் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். சமுதாயக் கழிப்பறைக்குத் தூய்மை இந்தியா திட்டத்தின் அளவு 25 பெண்களுக்கு ஓர் இருக்கை. உங்கள் தெருவில் எத்தனை பெண்கள், எத்தனை இருக்கை என்று எண்ணிக் கையெழுத்து வாங்கிக் கவுன்சிலரிடம் கொடுங்கள்.

மகள் பகலில் பிரித்துப் பிரித்து இரண்டு லிட்டர் குடிக்கட்டும். படுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். கடுப்போடு காய்ச்சலும் விலா, முதுகு வலியும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: என் பையனுக்கு 17 வயது. தெருவில் எது நடந்தாலும் போலீஸ் அவனைக் கூட்டிப்போய் ராத்திரி முழுக்க உட்கார வைக்கிறது. எங்கள் ஏரியா என்பதே குற்றமா?
– வாசகி, சென்னை

பதில்: இல்லை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிடித்தால் பெற்றோருக்கு உடனே சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விலங்கு மாட்டக் கூடாது. ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைநலக் காவல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். போனதும் அவரைத்தான் கேளுங்கள்.

வயதை நிரூபிக்க முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும், அடுத்து பிறப்புச் சான்றிதழ். அந்த நகல் எப்போதும் வீட்டில் இருக்கட்டும், படம் உங்கள் போனிலும் இருக்கட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, இலவச வக்கீலுக்கு 15100. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 18 முடிந்த பிறகும், ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள புகாருக்குப் பொதுவாக முதலில் நோட்டீஸ் தர வேண்டும். நேராகக் கைது செய்வது விதிவிலக்கு.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்று எழுதினால் கூப்பிடவே மாட்டேன் என்கிறார்கள்.
– வாசகர், கண்ணகி நகர்

பதில்: முதல் விண்ணப்பத்தில் முழு முகவரி தேவையில்லை. "ஒக்கியம் துரைப்பாக்கம், சென்னை – 600097" என்பது பொய்யில்லை, உங்கள் அஞ்சல் முகவரிதான். முழு முகவரியை வேலை உறுதியான பின் ஆதாரோடு கொடுங்கள். நன்னடத்தைச் சான்று கேட்பார்கள் என்று தெரிந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயரை மறைக்க விரும்பாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் மதிக்கிறோம். 2025 ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய கார்த்திகாவைத் தமிழ்நாடே கண்ணகி நகர் கார்த்திகா என்றுதான் அழைக்கிறது.

கேள்வி: தம்பி வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். அறையில் பூட்டி வைத்தோம். நாலாம் நாள் ஓடிவிட்டான்.
– வாசகர், வட சென்னை

பதில்: பூட்டுவதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சில நாள் நிறுத்தியவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே போய் முன்பு போட்ட அதே அளவு போட்டால் மூச்சு நின்றுவிடலாம். ஆள் எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் 108-க்குக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன போட்டான் என்று ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதை முறிக்கும் மருந்து உண்டு.

டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளில் மருந்தோடு கரையாத மாவுப்பொருளும் சேர்ந்திருக்கும். ரத்தக்குழாயை அடைப்பதும், கையில் சீழ்க்கட்டி வரவைப்பதும் அதுதான். நிறுத்தும்போது வரும் உடம்புவலி, பேதி, தூக்கமின்மை முதல் வாரத்தில்தான் கடுமையாக இருக்கும். அதை மருந்தால் அடக்க முடியும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு. ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்குப் போதை ஏக்கத்தை அடக்க, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை அரசின் மாற்று மருந்து மையங்களில் இலவசமாக, தினமும் நேரில் தருகிறார்கள். மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். சீக்கிரம் நிறுத்தினால் ஊசிக்குத் திரும்புவார்கள்.

அரசின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும், அரசு மருத்துவமனையில் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் செய்யுங்கள். ஹெபடைடிஸ் சி வந்திருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வார மாத்திரையில் குணமாகும். அரசுத் திட்டத்தில் அது இலவசம். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. தம்பி திரும்பி வந்ததும் அடிக்காதீர்கள், சாப்பாடு போடுங்கள், மறுநாள் காலையே நீங்களே கூடப் போங்கள்.